மணிக்கு எவ்வளவு என்று கேட்பதற்கு முன், ஓட்டுவது யார் என்று கேளுங்கள்



கொஞ்சம் நீளமான பதிவு. வீடு கட்டுபவர்கள், வளவுக்கு மண் நிரப்பப் போகிறவர்கள், பள்ளிவாசல் நிர்வாகத்திலும் பாடசாலை அபிவிருத்திச் சங்கத்திலும் இருப்பவர்கள் தயவுசெய்து கடைசி வரை வாசியுங்கள்.

மாரி தொடங்குவதற்குள் வேலையை முடித்துவிட வேண்டும் என்ற அவசரம் ஊரெங்கும் தெரிகிறது. ஒரு ஒழுங்கையில் மண் நிரப்புகிறார்கள். அடுத்த ஒழுங்கையில் மலசலகூடக் குழி தோண்டுகிறார்கள். இன்னொரு பக்கம் மேல்மாடிக்குக் கொங்கிரீட் போட ஆயத்தம் நடக்கிறது. பெக்கோ, டிப்பர், மிக்ஸர், போக்கர், ஜெக், சாரம் எல்லாமே வாடகைக்குத்தான் வருகின்றன. வீடு கட்டுகிறவர் இதையெல்லாம் சொந்தமாக வாங்கி வைக்க முடியாது, வாங்கத் தேவையும் இல்லை.

ஆனால் ஐம்பது அறுபது இலட்சம் போட்டு வீடு கட்டுகிற மனிதர், அந்த வீட்டின் அத்திவாரத்தைத் தோண்ட வருகிற இயந்திரத்தைப் பற்றிக் கேட்பது ஒரே ஒரு கேள்விதான். "மணிக்கு எவ்வளவு?" சீமெந்துக்குக் கடை கடையாக ஏறி இறங்குகிறோம். கம்பியைக் கையில் எடுத்துப் பார்க்கிறோம். ஓட்டுக்குக் கூட மச்சானின் அபிப்பிராயம் கேட்கிறோம். பெக்கோவுக்கு மட்டும் போனில் ஒரு நிமிடம் பேசி, ஐந்நூறு ரூபா குறைத்துவிட்டால் திருப்தி.

நான் பொறியியலாளர் இல்லை. அட்டாளைச்சேனை கல்விக் கல்லூரியில் படித்துவிட்டு வந்து கணிதம் படிப்பிக்கும் ஆசிரியர். இந்த விஷயத்தில் உங்களுக்கு என்ன வேலை சேர் என்று கேட்பீர்கள். என்னுடைய வகுப்பு இடாப்புத்தான் காரணம்.

தரம் பத்திலும் பதினொன்றிலும் சில பிள்ளைகள் மெல்ல மெல்லக் காணாமல் போவார்கள். முதலில் வெள்ளிக்கிழமைக்கு முந்திய நாள் வரமாட்டார்கள். பிறகு வாரத்தில் மூன்று நாள். விசாரித்தால், "பெக்கோவில ஹெல்பரா போறான் சேர்" என்பார்கள். கிறீஸ் அடிப்பது, கழுவுவது, டீசல் தூக்குவதுதான் ஆரம்பத்தில் வேலை. ஒப்பரேட்டர் தேத்தண்ணி குடிக்கப் போகும் நேரத்தில் லீவரைப் பிடித்துப் பார்ப்பான். ஆறு மாதத்தில் சின்னக் குழி தோண்டுவான். அடுத்த வருடம் அவன்தான் ஒப்பரேட்டர். லைசன்ஸ் இல்லை, பயிற்சி இல்லை, சம்பளம் பாதி. ஏறக்குறைய எட்டுத் தொன் எடையுள்ள இயந்திரத்தை, ஓ.எல். எழுதாத பிள்ளை நம்முடைய வளவுக்குள் ஓட்டுகிறான். பக்கத்தில் நம்முடைய சின்னப் பிள்ளைகள் வேடிக்கை பார்த்துக்கொண்டு நிற்கிறார்கள்.

இலங்கையில் வேலைக்கு அமர்த்தக்கூடிய குறைந்த வயது 14ஆக இருந்து, 2021இல் 16ஆக உயர்த்தப்பட்டது. ஆபத்தான தொழில்களுக்கு 18 வயதுக்குக் குறைந்தவர்களை எடுக்கவே கூடாது. சட்டம் இருக்கிறது. ஆனால் நம்முடைய ஒழுங்கைக்குள் ஒவ்வொரு நாளும் தொழில் திணைக்கள அதிகாரி வந்து நிற்க மாட்டார். அங்கே நிற்பது வாடகைக் காசு கொடுக்கும் நாம்தான்.

இப்போது அந்த ஐந்நூறு ரூபாவுக்கு வருவோம். நாம் பேரம் பேசிக் குறைத்த காசு எங்கே இருந்து குறைகிறது? டீசல் விலை எல்லோருக்கும் ஒன்றுதான். ஹைட்ரோலிக் ஹோஸ், டயர், பக்கெட் பல் எல்லாம் எல்லோருக்கும் ஏறக்குறைய ஒரே விலை. ஆகவே மிகக் குறைந்த விலைக்கு வருகிறவர் மூன்று இடங்களில்தான் கை வைக்க முடியும். ஒன்று, ஓட்டுபவரின் சம்பளம். இரண்டு, சேர்விஸ். மூன்று, காப்புறுதி. பொதுவாக மூன்றிலும் கை வைத்திருப்பார். அவர் கெட்ட மனிதராக இருக்க வேண்டிய அவசியம் இல்லை. நாம் வேறு எதையும் கேட்கவில்லை, அவரும் வேறு எதையும் செய்யவில்லை.

சரி, நல்ல இடமாகத் தேடிப் பிடிப்பது எப்படி?

"அரச அங்கீகாரம் பெற்றது" என்று பலகையிலும் விசிட்டிங் கார்டிலும் போட்டிருப்பார்கள். அந்த வார்த்தையில் மயங்க வேண்டாம். எதற்கு அங்கீகாரம் என்று கேளுங்கள். அதற்குள் நான்கு தனித்தனி விஷயங்கள் இருக்கின்றன. ஒன்று இருந்தால் மற்றது இருக்கிறது என்று அர்த்தம் இல்லை.

1. தொழில்

வியாபாரப் பெயர்ப் பதிவு இருப்பது நல்லது. பில் தருவார், பிரச்சினை வந்தால் தேடிப் பிடிக்கலாம். ஆனால் அந்தப் பத்திரம் சொல்வது, இந்தப் பெயரில் இன்னார் தொழில் செய்கிறார் என்பதை மட்டும்தான். இயந்திரம் நல்லதா, ஓட்டுபவர் தகுதியானவரா என்று அதில் ஒரு வரி இருக்காது.

"எங்களிடம் சிடா பதிவு இருக்கிறது" என்று சிலர் சொல்வார்கள். நிர்மாணத்துறை அபிவிருத்தி அதிகார சபையைத்தான் அப்படிச் சொல்கிறோம். முன்பு இக்டாட் என்று இருந்தது, 2014ஆம் ஆண்டின் 33ஆம் இலக்கச் சட்டத்தின் மூலம் இந்த அதிகார சபையாக மாறியது. ஒப்பந்தக்காரர்களைத் தரம் பிரித்துப் பதிவு செய்வது இவர்கள்தான். சி என்ற எழுத்துக்குப் பக்கத்தில் இருக்கும் எண் குறையக் குறைய, பெரிய வேலைக்குத் தகுதி. அப்படிச் சொன்னால் பதிவு இலக்கத்தை வாங்குங்கள். எதற்கான பதிவு, எந்த வருடம் வரை செல்லும் என்று பாருங்கள். ஒப்பந்தக்காரருக்கு நல்ல தரம் இருப்பது நல்ல அடையாளம். ஆனால் இன்று உங்கள் வளவுக்கு அவர் அனுப்பும் அந்தப் பழைய இயந்திரத்துக்கு அது சான்றிதழ் ஆகாது.

2. இயந்திரம்

மோட்டார் போக்குவரத்துத் திணைக்களத்தில் பதிவு செய்த இலக்கம் இருக்க வேண்டும். இலக்கத் தகடு இல்லாத, அல்லது வேறு ஒன்றின் தகடு மாட்டிய இயந்திரத்தை வளவுக்குள் விட வேண்டாம். பிறகு கண்ணால் பாருங்கள். ஹைட்ரோலிக் எண்ணெய் ஒழுகுகிறதா? பின்னுக்கு எடுக்கும்போது சத்தம் வருகிறதா? பக்கெட்டைத் தூக்கி வைத்தால் அப்படியே நிற்கிறதா, மெதுவாகக் கீழே இறங்குகிறதா? இறங்கினால் உள்ளே தேய்மானம் இருக்கிறது. இதைப் பார்க்கப் பொறியியலாளர் தேவையில்லை, ஐந்து நிமிடம் போதும்.

கூரைக்கு இரும்பு ஏற்ற, பீம் தூக்க கிரேன் அல்லது பூம் டிரக் எடுப்பதாக இருந்தால் இன்னும் கவனம் வேண்டும். பாரம் தூக்கும் இயந்திரங்களைத் தகுதி பெற்ற ஒருவர் குறித்த காலத்துக்கு ஒரு தடவை பரிசோதித்து அறிக்கை கொடுக்க வேண்டும் என்பது 1942ஆம் ஆண்டின் தொழிற்சாலைகள் கட்டளைச் சட்டத்திலேயே வந்த விஷயம். அந்த அறிக்கையைக் கேளுங்கள். நம்முடைய ஒழுங்கைகளில் மின்கம்பிகள் எவ்வளவு பதிவாகப் போகின்றன என்று உங்களுக்குத் தெரியும். பூம் கம்பியைத் தொட வேண்டும் என்றில்லை. உயர் அழுத்தக் கம்பிக்குப் பக்கத்தில் போனாலே மின்சாரம் பாயும். வேலைக்கு முதல் நாளே மின்சாரக் காரியாலயத்துடன் பேசுங்கள். "பார்த்து எடுப்பம்" என்று சொல்கிறவரை அனுப்பிவிட்டு வேறு ஆளைத் தேடுங்கள்.

3. ஓட்டுபவர்

என்னைப் பொறுத்தவரை இதுதான் முதலாவது கேள்வி. கார் ஓட்டும் லைசன்ஸ் போதாது. சாரதி அனுமதிப்பத்திரத்தின் பின்பக்கத்தில் வாகன வகுப்புகள் இருக்கும். இந்த வகை விசேட இயந்திரங்களுக்கு 'ஜே' வகுப்பு இருக்க வேண்டும். அதற்கு மேலாக என்.வி.கியூ. என்று நாம் சொல்லும் தேசிய தொழில் தகைமைச் சான்றிதழ் இருந்தால் இன்னும் நல்லது. லைசன்ஸ் வாகனத்தை ஓட்டலாம் என்று சொல்கிறது. என்.வி.கியூ. அந்த இயந்திரத்தால் வேலை செய்யத் தெரியும் என்று சொல்கிறது.

முதலாளியின் சான்றிதழைப் பார்த்துவிட்டு வந்துவிட வேண்டாம். நாளைக் காலையில் எந்த ஆள் வருவார் என்று கேளுங்கள். அந்த ஆளின் லைசன்ஸின் படத்தை வட்ஸ்அப்பில் அனுப்பச் சொல்லுங்கள். காலையில் வேறு ஒரு தம்பி வந்து இறங்கினால், சாவியைப் போட விட வேண்டாம்.

4. காப்புறுதி

இன்சூரன்ஸ் இருக்கிறதா என்று கேட்டால் எல்லோரும் இருக்கிறது என்பார்கள். வீதியில் ஓடுவதற்குக் கட்டாயமான மூன்றாம் தரப்புக் காப்புறுதியைத்தான் அவர்கள் சொல்கிறார்கள். வேலைத்தளத்தில் தோண்டும்போது பக்கத்து மதில் விழுந்தால் அந்தக் காப்புறுதி பதில் சொல்லுமா என்பது வேறு கேள்வி. பல நேரம் சொல்லாது. வேலைத்தளச் சேதத்துக்குத் தனியாகக் காப்புறுதி எடுக்கலாம், எடுத்தும் இருக்கிறார்கள். பத்திரத்தைப் பாருங்கள். விளங்காவிட்டால் அதில் இருக்கும் இலக்கத்துக்கு அழைத்துக் கேளுங்கள்.

இது ஏன் முக்கியம் என்பதற்கு, எனக்குத் தெரிந்த ஒரு சம்பவத்தைச் சொல்கிறேன். ஊரும் பெயரும் வேண்டாம். கடற்கரைப் பக்கத்து மணல் நிலம். ஒருவர் மலசலகூடக் குழி தோண்ட பெக்கோ எடுத்தார். மதிலுக்கு மிகவும் கிட்டத் தோண்டினார்கள். நம்முடைய பக்கத்து மணல் எப்படிப்பட்டது என்று தெரியும்தானே, அரை ஆள் ஆழம் போனால் தண்ணீர், அதற்குப் பிறகு கரைகள் சரியத் தொடங்கிவிடும். மதிலின் அத்திவாரத்துக்குக் கீழே இருந்த மணல் குழிக்குள் இறங்கியது, மதில் அடுத்த வீட்டுச் சமையலறைப் பக்கம் சாய்ந்தது. அல்ஹம்துலில்லாஹ், அந்த நேரம் அங்கே யாரும் இருக்கவில்லை.

அதற்குப் பிறகுதான் கதை. வீட்டுக்காரர் ஒப்பரேட்டரைச் சொன்னார். ஒப்பரேட்டர், "நீங்கதானே அந்த இடத்தக் காட்டினீங்க" என்றார். இயந்திரக்காரர், அந்தத் தம்பி தன்னுடைய ஆள் இல்லை, நாள் கூலிக்கு வந்தவன் என்றார். எழுத்தில் ஒன்றும் இல்லை, பில் இல்லை, காப்புறுதியும் இல்லை. மதிலைக் கட்டிக் கொடுக்க எடுத்த காசைவிட, அந்த இரண்டு குடும்பங்களும் இன்று வரை பேசாமல் இருப்பதுதான் பெரிய நட்டம். பெருநாளைக்குக் கூட ஸலாம் இல்லை.

ஆகவே எழுதுங்கள். ஒரு பக்கம் போதும். கொடுக்கல் வாங்கலை எழுதிக்கொள்வது நமக்குப் புதிய பாடம் இல்லை. குர்ஆனிலேயே மிக நீளமான வசனம், அல்பகராவின் 282ஆவது வசனம், அதைப் பற்றியதுதான். ஜும்ஆவில் எத்தனை தடவை கேட்டிருக்கிறோம். அந்தப் பக்கத்தில் இவை இருக்கட்டும்:

* இயந்திரத்தின் இலக்கம், ஓட்டுபவரின் பெயர், அடையாள அட்டை இலக்கம்.
* மணிக்கூலி எவ்வளவு, குறைந்தது எத்தனை மணித்தியாலம், டீசல் யாருடையது, கொண்டு வந்து இறக்கி ஏற்றும் செலவு யாருடையது.
* நேரம் எப்படிக் கணக்கிடப்படும். இயந்திரத்தில் உள்ள மணி மீட்டரை வேலை தொடங்கும்போதும் முடியும்போதும் படம் எடுத்துக்கொள்ளுங்கள். பழுதாகி நிற்கும் நேரத்துக்குக் காசு இல்லை என்று எழுதுங்கள்.
* பழுதானால் எத்தனை மணித்தியாலத்துக்குள் மாற்று இயந்திரம் வரும்.
* தண்ணீர்க் குழாய், கேபிள், மதில், பக்கத்து வீடு சேதமானால் பொறுப்பு யாருடையது. குழாய் எங்கே போகிறது என்று காட்டுவது நம்முடைய பொறுப்பு என்பதையும் எழுதுங்கள். நியாயம் இரண்டு பக்கமும் இருக்க வேண்டும்.
* ஒப்பரேட்டரும் ஹெல்பரும் யாருடைய தொழிலாளர்கள். வேலையில் காயப்பட்டவருக்கு நட்டஈடு கொடுக்க வேண்டியது தொழில் வழங்குநர் என்று 1934ஆம் ஆண்டிலேயே சட்டம் வந்துவிட்டது. அந்தத் தொழில் வழங்குநர் யார் என்பது விபத்துக்குப் பிறகு பேசும் விஷயமாக இருக்கக் கூடாது.

இனி கணக்கு. உதாரணத்துக்கு மட்டும் ஒரு தொகையை வைத்துப் பார்ப்போம். ஒரு பெக்கோ மணிக்கு 5,000 ரூபா. பழையது, ஹைட்ரோலிக் பலம் இல்லை, ஓட்டுபவர் புதியவர். வேலை முடிய 9 மணித்தியாலம். மொத்தம் 45,000. மற்றது மணிக்கு 6,000 ரூபா. நல்ல இயந்திரம், பழகிய கை. 7 மணித்தியாலத்தில் முடிந்தது. மொத்தம் 42,000. விலை கூடியது என்று நாம் விட்டது 3,000 ரூபா மலிவு. அந்த இரண்டு மணித்தியாலம் கைகட்டி நின்ற கூலிக்காரர்களின் காசை நான் இன்னும் சேர்க்கவில்லை. மணிக்கு எவ்வளவு என்று கேட்பதைவிட, இந்த வேலைக்கு எத்தனை மணித்தியாலம் எடுக்கும் என்று கேட்பதுதான் கெட்டிக்காரத்தனம்.

டிப்பருக்கும் இதே கதைதான். ஒரு கியூப் என்பது 100 கன அடி. பெட்டியின் நீளம் 10 அடி, அகலம் 6 அடி, மண் 3 அடி உயரம் என்றால் 180 கன அடி, அதாவது 1.8 கியூப். இரண்டு கியூப் என்று காசு கொடுத்தால், பத்து லோட்டில் இரண்டு கியூப் போய்விடும். தரம் ஏழு பிள்ளை செய்யும் கணக்கு. அளவு நாடாவோடு பிள்ளையையே அனுப்புங்கள், பெட்டிக்குள் மட்டும் ஏற விட வேண்டாம். அதோடு, மண்ணுக்கும் மணலுக்கும் புவிச்சரிதவியல் அளவை சுரங்கப் பணியகத்தின் அனுமதிப்பத்திரம் இருக்கிறதா என்றும் பாருங்கள். அனுமதி இல்லாத மண்ணோடு வழியில் பொலிஸில் மாட்டினால், முற்பணம் கொடுத்த நமக்கும் வேலை நின்றுவிடும்.

கொங்கிரீட் போடுகிறவர்களுக்கு இரண்டு வார்த்தை. மிக்ஸர் நடுவில் நின்றுவிட்டால், போட்ட கொங்கிரீட் நமக்காகக் காத்திருக்காது. நம்முடைய வெயிலில் அது இறுகத் தொடங்கிவிடும். இரண்டு மூன்று மணித்தியாலம் கழித்து அதற்குப் பக்கத்தில் போடும் புதுக் கலவை அதனோடு சரியாக ஒட்டாது. அந்த மூட்டில்தான் நாளைக்குத் தண்ணீர் ஒழுகும், கம்பி துருப்பிடிக்கும். ஆகவே மிக்ஸரும் போக்கரும் எடுக்கும்போது, இரண்டாவது ஒன்று கைக்கெட்டும் தூரத்தில் இருக்கிற இடத்தில் எடுங்கள்.

ஜெக் வாடகை நாள் கணக்கில் ஏறும். அதனால் ஏழாம் எட்டாம் நாளே கழற்றிவிடச் சொல்லும் வீட்டுக்காரர்கள் இருக்கிறார்கள். கொங்கிரீட்டின் பலம் 28 நாளை வைத்துத்தான் கணக்கிடப்படுகிறது. ஏழாம் நாளில் அதில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்குதான் இருக்கும். எத்தனை நாள் வைத்திருக்க வேண்டும் என்று பொறியியலாளரிடம் முதலில் கேட்டு, அத்தனை நாளுக்கும் சேர்த்து வாடகை பேசுங்கள். வளைந்த ஜெக்கை, தடியை வைத்து முட்டுக் கொடுத்த சாரத்தை இறக்க வேண்டாம் என்று திருப்பி அனுப்புங்கள்.

பள்ளிவாசல் நிர்வாகிகளுக்கும் பாடசாலை அபிவிருத்திச் சங்கங்களுக்கும் தனியாகச் சொல்ல வேண்டும். நீங்கள் செலவழிப்பது உங்கள் காசு இல்லை. வெளிநாட்டில் வெயிலில் நிற்கும் ஒரு தம்பி அனுப்பிய காசு, ஒரு விதவைத் தாய் கொடுத்த ஆயிரம் ரூபா. "இன்னார் நம்மட ஹாஜியார்ர மகன், அவர்ட்டயே எடுப்பம்" என்று கூட்டத்தில் ஒரு குரல் வந்ததும் முடிவாகிவிடுகிறது. ஹாஜியாரின் மகனிடமே எடுங்கள், எனக்கு ஆட்சேபனை இல்லை. ஆனால் மூன்று இடத்தில் எழுத்தில் விலை கேட்டு, மேலே சொன்ன பத்திரங்களைப் பார்த்து, கூட்டக் குறிப்பில் எழுதிவிட்டு எடுங்கள். பாடசாலை வளவென்றால் வேலையை விடுமுறையில் வையுங்கள். முடியாவிட்டால், இயந்திரம் சுழலும் இடத்தைச் சுற்றிக் கயிறு கட்டி, ஒரு பெரியவரை நிறுத்துங்கள். இடைவேளை மணி அடித்தால் பிள்ளைகள் எங்கே ஓடுவார்கள் என்று எந்த ஒப்பரேட்டருக்கும் தெரியாது. எங்களுக்கே தெரியாது.

இரண்டு பதில்கள் வரும் என்று தெரியும்.

முதலாவது, "ஊருக்குள்ள இருக்கிற ஆளிட்ட லைசன்ஸ் கேட்டா மனம் நோகும்." நோகாது, கேட்கும் முறையில் கேட்டால். "காக்கா, நிர்வாகத்தில வைக்கணும், லைசன்ஸ் கொப்பி ஒண்டு தாங்க" என்றால் யார் கோபிப்பார்கள்? உண்மையில் ஒழுங்காகத் தொழில் செய்கிறவர்கள் சந்தோஷப்படுவார்கள். சம்பளத்தையும் சேர்விஸையும் காப்புறுதியையும் சரியாகக் கொடுத்துவிட்டு, விலையில் தோற்றுப்போகிற மனிதர்கள் நம்முடைய ஊர்களில் இருக்கிறார்கள். நாம் பத்திரம் கேட்கத் தொடங்கினால்தான் அவர்களுடைய செலவுக்கு ஒரு மதிப்பு வரும்.

இரண்டாவது, "இப்படிப் பார்த்தா ஒருத்தரும் மிஞ்ச மாட்டாங்க சேர்." ஓரளவு உண்மை. பத்துப் பதினைந்து வருடம் அருமையாக வேலை செய்கிற ஒப்பரேட்டர்களிடம் கூட ஒரு சான்றிதழ் இல்லை. அவர்களை ஒதுக்கச் சொல்லவில்லை. வகுப்புக்குப் போகாமல் தொழிலில் பழகியவர்களின் அனுபவத்தை மதிப்பிட்டு என்.வி.கியூ. கொடுக்கும் முறை இந்த நாட்டில் இருக்கிறது. மூன்றாம் நிலை மற்றும் தொழிற்கல்வி ஆணைக்குழுவின் கீழ்தான் இது நடக்கிறது. தொழிற்பயிற்சி நிலையத்தில் கேட்டால் வழி சொல்வார்கள். விளையாட்டுக் கழகங்களும் ஜமாஅத்துகளும் வருடம் ஒரு கிண்ணம் கொடுப்பதோடு, ஊரில் பத்து ஒப்பரேட்டர்களின் விண்ணப்பத்தை நிரப்பிக் கொடுத்தால் என்ன? படிவம் நிரப்ப ஆசிரியர்கள் நாங்கள் இருக்கிறோம். அந்தச் சான்றிதழோடு அவர்கள் நாளைக்கு வெளிநாடு போனாலும், லேபராகப் போகாமல் ஒப்பரேட்டராகவே போகலாம்.

அதுபோல, இயந்திரத்தில் உண்மையான ஆசை உள்ள மாணவர்களும் எனக்கு இருக்கிறார்கள். எல்லோரும் டொக்டராக வேண்டும் என்று நான் சொல்வதில்லை. ஓ.எல். எழுதட்டும், பதினெட்டு வயது ஆகட்டும், முறையாகப் பழகி லைசன்ஸ் எடுக்கட்டும். நல்ல ஒப்பரேட்டர் மரியாதையான தொழிலாளி. ஆனால் பதினைந்து வயதில், யாரோ ஒருவர் மணிக்கு ஐந்நூறு ரூபா குறைத்துக் கேட்டதற்காக அவன் அந்த இருக்கையில் ஏறக் கூடாது.

இந்த மாரிக்கு முன் உங்கள் வளவுக்குள் ஒரு பெக்கோ வருவதாக இருந்தால், விலை பேச முன் இதைக் கேளுங்கள்: "ஓட்டுறது யாரு, என்ன வயசு, லைசன்ஸ் எங்க?" பதில் திருப்தியாக இருந்தால் மற்றதைப் பேசுங்கள். இல்லாவிட்டால் அடுத்த இலக்கத்துக்கு அழையுங்கள்.

இந்தத் தொழிலில் இருக்கும் சகோதரர்கள், நான் விட்ட விஷயம் இருந்தால் கீழே எழுதுங்கள். ஊருக்குப் பிரயோசனமாக இருக்கும்.